அரசங்கன்று முளைத்த குழாய்

எங்கள் வீட்டு மேற்குச் சுவரில், மாடி லெட்ரினிலிருந்து இறங்கும் இரும்புக் குழாயின் கழுத்தில் ஒரு அரசங்கன்று முளைத்திருந்தது. அம்மாதான் முதலில் பார்த்தது. "ஏய்யா, பைப்புல அரசு மொளச்சிருக்கு, பிடுங்கி விட்ரு. வேரு எறங்குச்சுன்னா செவரையே பொளந்துரும்" என்றார்கள்.

பிடுங்கினேன். அடுத்த மழைக்கு மறுபடி தளிர்த்தது. மறுபடி பிடுங்கினேன். மூன்றாவது தடவை, போன ஐப்பசியில், ஏணி போட்டு ஏறி அடிவேரைப் பிடித்து இழுத்தபோது, வேரோடு சேர்ந்து ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்த நார் ஒன்று வந்தது. கையில் பிசுபிசுத்தது. அது வேர் இல்லை, சணல். 1986-ல் அப்பா இந்த வீட்டைக் கட்டியபோது குழாய் மூட்டுக்குள் முறுக்கி அடைத்த சணல்.

அன்றைக்கு ஏணியிலிருந்து இறங்கும்போதே தெரிந்துவிட்டது, இது செடி பிடுங்கித் தீர்கிற விஷயம் இல்லை என்று.

பழைய வார்ப்பிரும்புக் குழாய் எப்படி இணைந்திருக்கும் என்று இன்றைய பிள்ளைகள் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். ஒவ்வொன்றும் ஆறடி நீளம். ஒரு முனை அகன்ற வாய், மறுமுனை வெறும் முனை. மேல் குழாயின் முனை கீழ்க் குழாயின் வாய்க்குள் இறங்கி உட்காரும். சுற்றிலும் விரல் நுழையாத அளவுக்கு ஓர் இடைவெளி இருக்கும். அதில் எண்ணெயில் தோய்த்த சணலை உளி வைத்து அடித்து அடைத்து, அதன் மேல் உருக்கிய ஈயத்தை ஊற்றி, ஆறியதும் சுற்றிலும் தட்டித் தட்டி இறுக்குவார்கள். சிக்கனம் பார்த்த வீடுகளில் ஈயத்துக்குப் பதிலாக சிமெண்ட் கலவை. எங்கள் வீட்டில் கீழ் மூட்டுகள் ஈயம், மேலே போகப் போக சிமெண்ட். மில் சம்பளத்தில் வீடு கட்டிய அப்பாவுக்கு, காசு அந்த உயரத்தில்தான் தீர்ந்திருக்க வேண்டும். அந்த மூட்டைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

சிமெண்ட் மூட்டு வெயிலில் கீறல் விடும். கீறலில் எப்போதும் ஈரம் கசியும். காக்கை எச்சத்தில் வரும் அரச விதைக்கு மண் வேண்டாம், அந்த ஈரமே போதும். ஆகவே குழாயில் அரசங்கன்று நிற்கிறது என்றால், அந்த மூட்டு ஏற்கெனவே திறந்துவிட்டது என்று அர்த்தம். செடி மூட்டைப் பிளப்பது அதற்கு அப்புறம்.

உள்ளே வந்து பார்த்தால் சமையலறையின் பின்சுவரில் ஓதம். இரண்டு வருஷமாகவே அந்த இடத்தில் சுண்ணாம்பு பொரிந்து கொட்டிக்கொண்டிருந்தது. மழை ஈரம் என்று நினைத்து இரண்டு தடவை பெயிண்ட் அடித்திருக்கிறோம். சித்திரை வெயிலிலும் காயாத மழை ஈரம் உண்டா என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் பக்கத்தில் இது ஒரு வீட்டுக் கதை இல்லை. 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்வதற்கு முன் எங்கள் ஆனையூர் தனி நகராட்சி. கூடல் நகர், கூடல்புதூர், ஆனையூர் என்று இந்த வடமேற்கு மூலையில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் எழுந்த வீடுகள் நிறைய. அந்தக் காலத்தில் கழிவறைக்கு பிளாஸ்டிக் குழாய் என்பது வழக்கத்திலேயே இல்லை. வீட்டுக் கழிவுநீருக்கான பிளாஸ்டிக் குழாய்க்கு இந்தியத் தர விதியான ஐ.எஸ். 13592 வந்ததே 1992-ல்தான். அதற்கு முன் சுவரில் வார்ப்பிரும்பு, மண்ணுக்கடியில் மெருகு பூசிய ஸ்டோன்வேர் குழாய், மேலே காற்றுப்போக்கிக்குக் கல்நார் சிமெண்ட் குழாய் என்பதுதான் நடைமுறை. எங்கள் வீட்டிலும் அச்சு அசலாக அதுவே. அப்போது போட்டது எல்லாம் இப்போது ஒன்றாக வயதாகி நிற்கிறது.

இரும்பு ஏன் போகிறது என்பதில் நான் புரிந்துகொண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். குழாய் அடிப்பக்கத்தில், கழிவு ஓடும் இடத்தில்தான் முதலில் அரிக்கும் என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் படுத்த வாக்கில் போன குழாயின் மேல்முதுகுதான் ஓட்டையாகி இருந்தது. குழாய்க்குள் படியும் வழுவழுப்புப் பாசியில் வாழும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை விடுகின்றன. அழுகின முட்டை நாற்றம் என்போமே, அந்த வாயு. அது மேலே எழும்பி, குழாயின் மேல்பக்கத்து ஈரத்தில் கரைந்து, அங்கே உள்ள வேறு நுண்ணுயிர்களால் கந்தக அமிலமாக மாறுகிறது. இரும்பைத் தின்பது அந்த அமிலம். கீழே துரு பொருக்குப் பொருக்காகக் கட்டி, நாலு அங்குலக் குழாய் உள்ளுக்குள் இரண்டரை அங்குலமாகச் சுருங்கி இருந்தது. அடைப்பு அடைப்பு என்று கம்பி விட்டுக் குத்தினோமே, குத்தக் குத்தப் பொருக்கு உதிர்ந்து இன்னும் மெலிந்ததுதான் மிச்சம். அந்த வாயுவைப் பற்றி இன்னொரு விஷயம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்துவிடலாம் என்றார் ஒருவர். மேலே தகரத்தைச் சுற்றி கிளாம்ப் போடலாம் என்றார் இன்னொருவர். எங்கள் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ட காலத்தில் சித்தாளாக இருந்து, இப்போது வயதான கொத்தனாராக இருப்பவரை அம்மா கூட்டிவரச் சொன்னார்கள். அவர் குழாயைச் சுத்தியல் காம்பால் கீழிருந்து மேலே தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் மணிபோலக் கேட்டது. நாலாவது மூட்டுக்கு மேலே மண்பானையைத் தட்டினது மாதிரி 'தொப்' என்றது. "இதுக்கு மேல ஒண்ணும் இல்லய்யா. வெறும் துருதான் குழாய் மாதிரி நிக்கிது. மாத்துறதுன்னா மேல இருந்து சேம்பர் வரைக்கும் முழுசா மாத்துங்க. பாதி இரும்பு, பாதி பிளாஸ்டிக்குன்னு வச்சீங்கன்னா அந்த ஒட்டுற எடத்துலதான் நாளைக்கு நிப்பீங்க" என்றார். அதை அப்படியே கேட்டோம். சரியாகத்தான் சொன்னார்.

கடையில் குழாய் வாங்கும்போது ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள். ஐ.எஸ். 13592-ல் டைப் ஏ, டைப் பி என இரண்டு உண்டு. டைப் ஏ மழைநீருக்கும் காற்றுப்போக்கிக்கும். டைப் பி-தான் கழிவுக்கு. 110 மில்லிமீட்டர் குழாயில் டைப் ஏ-யின் சுவர்த் தடிமன் குறைந்தது 2.2 மில்லிமீட்டர், டைப் பி-க்கு 3.2. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே நிறம், ஒரே விட்டம். நான் போன கடையில் முதலில் எடுத்து வைத்தது டைப் ஏ. "எல்லாரும் இதத்தாண்ணே லெட்ரினுக்குப் போடுறாங்க" என்றார் கடைப்பையன். குழாயின் மேலேயே எழுதியிருக்கிறது, படித்துப் பார்த்துவிட்டு மாற்றித் தரச் சொன்னேன். விலை கொஞ்சம் கூடுதல். மொத்தச் செலவில் அது சின்னத் தொகை, கூலியும் சாரமும்தான் பெரிது. வாயில் ரப்பர் ரிங் வைத்த குழாயாகவே கேட்டு வாங்கினோம். வளைவுகளில் கதவு வைத்த பெண்டு, கதவு வைத்த டீ. அந்தக் கதவு நாலு திருகாணியில் கழன்று வரும். அடைப்பு வந்தால் சுவரை உடைக்க வேண்டாம்.

தை மாதம் வேலை தொடங்கியது. இரும்பை இறக்குவதுதான் ஆபத்தான கட்டம். அடியில் வெட்டினால் மேலே உள்ளது முழுவதும் சாயும். ஆகவே மேலிருந்துதான் கழற்ற வேண்டும். ஒவ்வொரு குழாயின் இரண்டு பக்கமும் காது இருக்கும். காதில் அடித்த ஆணிகள்தான் அத்தனை வருஷமாக அதைச் சுவரில் தாங்கி நின்றவை. ஆறடிக் குழாய் ஒன்று 20 கிலோவுக்குக் குறையாது. கயிறு கட்டி, சாரத்தில் இருவர், கீழே ஒருவர் என்று ஒவ்வொன்றாக இறக்கினார்கள். புதுக் குழாய் பத்தடி நீளம், நாலரைக் கிலோ. பிளம்பர் தம்பி அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் ஏணி ஏறினார்.

இரண்டு இடத்தில் வேலையை நிறுத்தச் சொன்னேன். மேலே இருந்த காற்றுப்போக்கி கல்நார் சிமெண்ட். ஏ.சி. பைப்பு என்பார்கள். அதைக் கட்டிங் மிஷினில் வெட்டப் போனார்கள். கல்நார்த் தூசி நுரையீரலில் தங்கி, வருஷங்கள் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். நன்றாகத் தண்ணீர் ஊற்றி நனைத்து, வெட்டாமல் முழுசாகவே இறக்க வைத்தோம். இன்னொன்று, உதவிக்கு வந்த பையன் மூட்டில் இருந்த ஈயத்தை எடைக்குப் போட அங்கேயே விறகு வைத்து உருக்கப் பார்த்தான். ஈயப் புகை நரம்புக்கும் ரத்தத்துக்கும் கேடு, சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் மோசம். "தம்பி, மூட்டோட சேத்தே எடைக்குப் போடு, உனக்கு வர்ற காச நான் தர்றேன்" என்று சொல்லித் தடுத்தேன். வீட்டைப் புதுசாக்குகிறோம் என்று நாலு காசுக்கு வந்த பிள்ளைகளின் உடம்பைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

வெயிலைப் பற்றி. மதுரையில் பிளாஸ்டிக் குழாய் போடுகிற பலரும் கோட்டைவிடுகிற இடம் இதுதான். பி.வி.சி. சூட்டில் இரும்பைவிட ஆறு மடங்கு வரை நீளும். தை மாதக் காலையில் பொருத்திய 3 மீட்டர் குழாய், சித்திரையில் மேற்கு வெயில் நேரே அடிக்கும் சுவரில் 40 டிகிரி கூடுதலாகக் காய்ந்தால், ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் நீளும். நீள இடம் இல்லாவிட்டால் வளையும், அல்லது மூட்டைத் தள்ளும். எதிர்வீட்டில் எல்லா மூட்டையும் சால்வெண்ட் போட்டு ஒட்டி, கிளாம்பையும் இறுக்கி முறுக்கி வைத்திருக்கிறார்கள். மூன்றாவது கோடையில் குழாய் வில்லாக வளைந்து ஒரு பெண்டு கீறிவிட்டது. எங்கள் பிளம்பரும் முதலில் சால்வெண்ட் டப்பாவைத்தான் எடுத்தார், வேண்டாம் என்றேன். ரப்பர் ரிங் குழாயைச் சோப்புத் தண்ணீர் தடவி முழுதாக உள்ளே தள்ளி, பென்சிலால் கோடு போட்டு, பிறகு 10 மில்லிமீட்டர் வெளியே இழுத்துவிட வேண்டும். அந்த இடைவெளிதான் வெயிலுக்கு விடும் இடம். ஒவ்வொரு நீளத்துக்கும் வாயை ஒட்டி ஒரு கிளாம்ப் மட்டும் இறுக்கமாக, மற்றவை குழாய் நழுவும்படி தளர்வாக. முதல் மூட்டில் நான் பக்கத்தில் நின்றேன். இரண்டாவது மூட்டிலிருந்து அவரே கோடு போட ஆரம்பித்துவிட்டார்.

குழாய்க்குள் குழாய் செருகுவது நமக்குப் புதிதே இல்லை. கீழடியில் 2019-ல் நடந்த அகழாய்வில் ஒன்றோடொன்று பொருத்திய சுடுமண் குழாய்கள் கிடைத்தன. எங்கள் வீட்டிலிருந்து வைகையைத் தாண்டிப் போனால் பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம். பழந்தமிழில் நிலத்தடி வடிகாலுக்குச் சுருங்கை என்று பெயர். மதுரைக் கோட்டையின் சுருங்கை வழியாக வெளியே பாயும் நீரை, யானை துதிக்கையைத் தூக்கி விடும் நீரோடு ஒப்பிடுகிறது பரிபாடல். ஆனையூர்க்காரனான எனக்கு அந்த உவமை மேல் தனிப் பிரியம். வடிகாலைப் பாட்டில் வைக்க வெட்கப்படாத ஊர் இது. இன்றைக்கு நாம் லெட்ரின் குழாயைப் பற்றிப் பேசவே கூசுகிறோம். அந்தக் கூச்சத்தில்தான் யாரோ வந்து எதையோ போட்டு மூடிவிட்டுப் போக விடுகிறோம்.

மண்ணுக்கடியில் போகும் பகுதிக்கு வாட்டம்தான் உயிர். எங்கள் தெரு ஒரு காலத்தில் கண்மாய்ப் பாசன வயலாக இருந்த இடம். களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதில் பழைய ஸ்டோன்வேர் குழாய் இரண்டு இடத்தில் இறங்கி, நடுவில் குட்டை கட்டி நின்றது. களிமண்ணை அரை அடி எடுத்துவிட்டு, மணல் விரித்து, அதன் மேல் குழாய். நாலு அங்குலக் குழாய்க்குப் பத்தடிக்கு இரண்டிலிருந்து மூன்று அங்குலம் வாட்டம் போதும். அதிகமாக வைத்தால் நல்லது என்று தோன்றும். "சரிவு ஏறிப்போச்சுன்னா தண்ணி முன்னால ஓடிரும், மத்தது வழியில உக்காந்துரும்" என்றார் கொத்தனார். ரசமட்டத்தை நம்பாமல் டியூப் லெவல் பிடித்துத்தான் பார்த்தார். மேலிருந்து வரும் குழாய் தரையில் திரும்பும் இடத்தில் ஒரே 90 டிகிரி பெண்டு போடவில்லை. 45 டிகிரி பெண்டு இரண்டு போட்டு, அடியில் கான்கிரீட் மேடை கட்டினோம். மாடியிலிருந்து விழும் தண்ணீரின் அடி முழுவதும் அங்கேதான் விழுகிறது.

மூடுவதற்கு முன் சோதனை. கட்டட வடிகாலுக்கான ஐ.எஸ். 1742 விதியில் இரண்டு எளிய வழிகள் இருக்கின்றன. எந்த வீட்டிலும் செய்யலாம். ஒன்று, குழாயைவிடக் கொஞ்சம் சிறிய பந்தை மேல்முனையில் விடுவது. பக்கத்து வீட்டுப் பையனின் டென்னிஸ் பந்தை வாங்கினேன். மேலே விட்டதும் அவன் சேம்பர் பக்கம் ஓடிக் குத்தவைத்தான். 'கடகட' என்று மண்ணுக்கடியில் ஒரு சத்தம், அப்புறம் பந்து அவன் காலடியில். வாளித் தண்ணீரே ஊற்றவில்லை, வெறும் வாட்டத்தில் வந்தது. இன்னொரு வழி கண்ணாடி. ஒரு முனையில் விளக்கு, மறுமுனையில் கண்ணாடி. அம்மா பொட்டு வைக்கிற கைக்கண்ணாடியைக் கொடுத்தார்கள். குழாய் நேராக இருந்தால் முழு வட்டம் தெரியும், இறங்கியிருந்தால் வட்டம் கடித்த அப்பளம் மாதிரித் தெரியும். முதல் தடவை அடிப்பக்கம் கொஞ்சம் கடித்திருந்தது. மணலை ஏற்றிக் கொடுத்ததும் பௌர்ணமி நிலா மாதிரி முழு வட்டம். அம்மா குனிந்து பார்த்து, "நெலா கணக்கா இருக்கேய்யா" என்றார்கள். கடைசியாக, கீழ்முனையை அடைத்து மாடி வரை தண்ணீர் நிரப்பி ராத்திரி முழுக்க விட்டோம். காலையில் ஒரு மூட்டில் மட்டும் வேர்வை மாதிரி நீர். ரிங் சுருண்டிருந்தது. கழற்றி மாற்றினோம். அன்றைக்கே மூடியிருந்தால் அடுத்த ஓதத்தை நாங்களே சுவருக்குள் வைத்துப் பூசியிருப்போம்.

பிளாஸ்டிக் எல்லாவற்றிலும் மேல் என்று சொல்ல மாட்டேன். இரும்புக் குழாயில் மாடியில் தண்ணீர் ஊற்றினால் சத்தமே வராது, இப்போது சமையலறையில் கேட்கிறது. இரும்பு தீயில் எரியாது. பிளாஸ்டிக் வெயிலில் வெளுத்து மொறுமொறுப்பாகும், ஆகவே மேற்குச் சுவரில் இரண்டு கை பெயிண்ட் அடித்துவிட்டோம். சோறு வடித்த கொதிகஞ்சியை அப்படியே தொட்டியில் ஊற்றுவதும் கூடாது. இந்தக் குழாய் சுமார் 80 டிகிரியில் இளக ஆரம்பித்துவிடும். அம்மா இப்போது கஞ்சியை ஆறவைத்துப் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொடுக்கிறார்கள். பல மாடிக் கட்டடத்துக்கு இரும்பு இன்னும் நல்ல தேர்வாக இருக்கலாம். ஆனால் நம் ஒரு மாடி வீட்டுக்கு, அமிலம் அரிக்காத, ஒரு ஆள் தூக்கி மாட்டக்கூடிய பிளாஸ்டிக்தான் சரி. ஒழுங்காக மாட்டினால்.

அந்த வாயுவைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. எங்கள் தெருவில் செப்டிக் டேங்க்தான். புதுக் குழாயை டேங்கில் சேர்க்கும்போது, உள்வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்க, உதவிப் பையன் சட்டையைக் கழற்றிவிட்டு மூடிக்குள் கால் விட்டான். கையைப் பிடித்து இழுத்தேன். இரும்பைத் தின்ற அதே ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்தத் தொட்டிக்குள் நிற்கிறது. அளவு கூடினால் மூக்கு அதை உணர்வதையே நிறுத்திவிடும். நாற்றம் இல்லையே என்று இறங்குகிறவர் அப்படியே சரிவார். காப்பாற்ற இறங்குகிறவரும் சரிவார். செப்டிக் டேங்க்கை ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான். இரண்டு வருஷம் வரை சிறை. இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியது. எத்தனை லட்சம் கொடுத்தாலும் அந்த வீட்டுக்கு ஆள் திரும்பி வரப் போவதில்லை. லாரியை வரவழைத்து டேங்கைக் காலி செய்து, ஒரு குச்சியில் அளவு எடுத்தோம். அரை நாள் தாமதம், அவ்வளவுதான்.

புதுக் காற்றுப்போக்கியை மொட்டைமாடித் தலைக்கு மேல் உயர்த்தி, நுனியில் கொசுவலை கட்டியாகிவிட்டது. சமையலறைச் சுவர் பங்குனியில் காய்ந்தது. பெயிண்ட் இன்னும் அடிக்கவில்லை. ஒரு மழைக்காலம் போகட்டும் என்று வைத்திருக்கிறோம்.

ஆனையூர்ப் பக்கம் முப்பது, நாற்பது வருஷ வீடு வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்து நிமிஷம் வீட்டின் பின்பக்கம் போய்க் குழாயை மேலிருந்து கீழே பாருங்கள். சுத்தியல் காம்பால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். எங்காவது அரசங்கன்று நின்றால், பிடுங்கிப் போட்டுவிட்டு உள்ளே போய்விடாதீர்கள்.